துரைக்கு ஊறவைத்த புல்

ஜனவரி 5, திங்கள்

டாக்டரம்மா எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். எத்தனை கிலோ புல், எத்தனை வேளை, நாடி எவ்வளவு, எவ்வளவு நேரம் நின்றான், எவ்வளவு நேரம் படுத்தான். முப்பத்து நான்கு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இதைத்தான் எழுதினேன். கஷ்டமில்லை. ஓய்வு பெற்ற அன்று கொடுத்த டைரி ஒரு பக்கம்கூட எழுதப்படாமல் கிடந்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

நோயாளி: துரை. காயடித்த ஆண் குதிரை. வயது இருபத்தொன்று. செவலை. டாக்டர் நர்மதா மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்துவிட்டு, எடை இருநூற்று எண்பது இருக்கும் என்றார். இருநூற்று நாற்பதுதான் இருக்க வேண்டுமாம்.

நோய்: முன்கால் இரண்டிலும் குளம்புக்குள் அழற்சி. எலும்பைக் குளம்போடு பிடித்து வைத்திருக்கும் சதை வீங்கிவிட்டது. வெளியே வீங்க வழியில்லை, குளம்பு கல் மாதிரி மூடியிருக்கிறது. நகக்கண்ணில் சீழ் கட்டிய விரலை ஊன்றி நிற்பது போன்ற வலி.

நேற்று காலை முன்னங்கால்களை முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, நாற்காலியில் உட்காரப் போகிறவன் மாதிரி நின்றான். கூப்பிட்டும் வரவில்லை. உறைபனியில் விறைத்துவிட்டான் என்று நினைத்தேன். அப்போது மொக்கராசு தன் குதிரைகளை ஏரிக்கு ஓட்டிக்கொண்டு ரோட்டில் போனார். வேலிக்கு மேலே பார்த்துவிட்டு நின்றார்.

மொக்கராசு இந்த வீட்டோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. அவரும் என் வீட்டுக்காரர் சவரிமுத்துவும் கோடைக்கானல் ஏரியில் பக்கத்தில் பக்கத்தில் குதிரையை நிறுத்திச் சவாரி விட்டவர்கள். யார் முறை என்பதில் சண்டை வந்து, கைகலப்பாகி, பேச்சு நின்றது. போன ஏப்ரலில் என் வீட்டுக்காரர் செத்ததற்குக்கூட மொக்கராசு வரவில்லை.

"சிஸ்டரம்மா, அத நடக்க விடாதீங்க. நான் டாக்டரக் கூட்டியாரேன்" என்றார்.

டாக்டர் வந்ததும் முதல் கேள்வி, என்ன தின்றான் என்பது. புல் என்றேன்.

"வெறும் புல்லுக்குக் கழுத்து இப்படி மேடு கட்டாதும்மா. யாரோ இனிப்பு குடுத்துருக்காங்க. இல்ல தானியம்."

ஏரிக்குப் போகிற குதிரைக்காரர்கள் வேலியோரம் கண்டதையும் போட்டுவிட்டுப் போவார்கள் என்றேன்.

டாக்டர் மொக்கராசு பக்கம் திரும்பினார். "உங்களுக்கெல்லாம் எத்தன தடவ சொல்றது? மிச்சம் மீதிய வயசான குதிரைக்குப் போடாதீங்கன்னு?" என்று சத்தம் போட்டார். மொக்கராசு என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

உத்தரவு: கொட்டகையை விட்டு வெளியே வரக்கூடாது. தரையில் இரண்டு சாண் உயரம் மரத்தூள். காய்ந்த புல் நாளைக்கு நான்கு கிலோ, நான்கு வேளையாக. ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அதிலுள்ள சர்க்கரை இறங்கிய பிறகு, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புல்லை மட்டும் வைக்க வேண்டும். கொள்ளு, தவிடு, கேரட், வெல்லம், பச்சைப்புல் எதுவும் ஆகாது. வலி இல்லாத குதிரைக்கு நாடி நாற்பதை ஒட்டித்தான் இருக்குமாம்.

நாடி 68.

ஜனவரி 6, செவ்வாய்

குளம்புகளைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்க வேண்டும். வாசல் தொட்டியில் பனி ஏடு கட்டியிருந்தது. அதை உடைத்து வாளியில் அள்ளி வைத்தேன். துரை காலை எடுக்காமல் நின்றான். சுகமாக இருந்திருக்கும்.

மொக்கராசு ஆறு மூட்டை மரத்தூள் கொண்டுவந்து கொட்டினார். ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் இருக்கும் தெர்மாக்கோல் பலகையையும் எங்கேயோ வாங்கி வந்திருந்தார். குளம்பின் அளவுக்கு வெட்டி அடியில் வைத்துக் கட்டினால் மெத்தை மாதிரி இருக்குமாம். கட்டுப் போட்டது நான். என் கட்டு அவிழாது.

நாடி 66. புல் நான்கு கிலோ.

ஜனவரி 8, வியாழன்

நாடி 60. புல் நான்கு கிலோ. ஊறிய தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. பேரிக்காய் மரத்தடியில் கொட்டினேன்.

ஓசூரிலிருந்து மகன் ரெக்ஸ் பேசினான். பொங்கலுக்கு வரவில்லையாம், கம்பெனியில் லீவு இல்லை. நன்றாக இருக்கிறேன் என்றேன்.

ஜனவரி 10, சனி

வலியைவிடப் பசிதான் பெரிய தொந்தரவு. ஒரு கிலோ புல்லை அரை மணியில் முடித்துவிடுகிறான். டாக்டர் சொன்னபடி வலைப்பைக்கு மேல் இன்னொரு வலைப்பை போட்டுக் கட்டினேன். இப்போது உதட்டால் ஒவ்வொரு இழையாக உருவித் தின்கிறான். அப்படியும் ஒன்றரை மணிதான். அதற்குப் பிறகு நான்கு மணி நேரம் வெறும் வாய்.

என் செருப்புச் சத்தம் கேட்டாலே கனைக்கிறான். கனைப்புகூட இல்லை, தொண்டைக்குள்ளே ஒரு குமுறல். கொட்டகை அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் சாப்பிடும்போது பார்த்துக்கொண்டே இருக்கிறான். இன்று ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டேன்.

வார்டில் எத்தனையோ பேரைப் பட்டினி போட்டிருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் தண்ணீர் கேட்டு அழுவார்கள். நான் கொடுத்ததில்லை. "செசிலி சிஸ்டர் டியூட்டியா? அப்ப ஒண்ணும் நடக்காது" என்பார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

நாடி 56.

ஜனவரி 13, செவ்வாய்

நாடி 44. எடையும் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. காலை மாற்றி மாற்றித் தூக்குவது நின்றுவிட்டது. வலி மருந்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் டாக்டர். தூளைத் தண்ணீரில் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கடைவாயில் விடுகிறேன். ஒரு சொட்டு சிந்துவதில்லை.

மொக்கராசு தினமும் காலை ஏரிக்குப் போகும் முன் வந்து மரத்தூளைக் கிளறிவிட்டுப் போகிறார். வீட்டுக்குள் வருவதில்லை. டீயைக் கொட்டகை வாசலில் நின்றே குடிக்கிறார். என்னோடு பேச்சு குறைவு. துரையோடுதான் பேசுகிறார். "என்ன தொரை, பட்டினியா போடுறாங்க? சாராயம் குடிச்சவனாட்டம் நின்ன, இப்பத் தேவல" என்றார் இன்று. நான் சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியவில்லை. மொக்கராசு போன பிறகு கொஞ்ச நேரம் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

புல் நான்கு கிலோ. வேறு எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். எனக்கு இனிப்பு அவ்வளவாக ஆகாது. வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மொக்கராசு இன்று வரவில்லை. அவர் வீட்டில் பண்டிகை. ரெக்ஸ் வாழ்த்து அனுப்பியிருந்தான், பொங்கல் பானை படம் போட்டு.

ஜனவரி 16, வெள்ளி

நாடி 52. பனி அதிகம்.

ஜனவரி 17, சனி

நாடி 76. விடிந்து போய்ப் பார்த்தபோது படுத்திருந்தான், எழவில்லை. மொக்கராசும் நானும் சேர்ந்து எழுப்பினோம். இரண்டு நிமிஷம் நின்று, நடுங்கி, மறுபடி படுத்துவிட்டான். மூச்சு வேகம். குளம்பு கொதித்தது.

டாக்டர் வந்தார். "புதுசா ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா?"

"இல்ல."

இந்த டைரியை வாங்கிப் பார்த்தார். பதினைந்தாம் தேதியை இரண்டு தடவை படித்தார். பிறகு டீ டம்ளரோடு வாசலில் நின்ற மொக்கராசைப் பார்த்தார்.

"நீங்க தெனம் வர்றீங்கள்ல? பொங்கலுக்குக் கரும்பு, வெல்லம்னு ஏதாச்சும் போட்டீங்களா?"

"நான் அன்னைக்கு வரவே இல்ல டாக்டர்."

"அதுக்கு முன்னாடி? இனிமே இந்தக் கொட்டகைப் பக்கம் நீங்க வர வேணாம். அந்தம்மா ஒவ்வொரு கிலோவா நிறுத்துப் போட்டுட்டு இருக்காங்க, நீங்க வந்து கெடுத்துட்டுப் போறீங்க."

மொக்கராசு டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். டீ பாதி அப்படியே இருந்தது. மூங்கில் படலைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். நான் துரையின் கால்கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

டாக்டர் போகும்போது சொன்னார்: "ஒருவேள அவரு சொல்றது நெசமா இருந்து, தீனியில தப்பில்லாமயே இப்படித் திரும்புதுன்னா, உள்ள எலும்பு எடம் விட்டு எறங்குதுன்னு அர்த்தம்மா. அப்படின்னா நாம வச்சுப் பாக்குறது அதுக்குக் கொடுமை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். இப்படியே இருந்தா ஊசி போட்டுத் தூங்க வச்சிரலாம். நீங்க நர்ஸ், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

ஜனவரி 18, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மரத்தூள் மூட்டையைத் தனியாக நகர்த்த முடியவில்லை. பிரித்து வாளியில் அள்ளி அள்ளிக் கொட்டினேன், பதினேழு வாளி. படுக்கைப்புண் வந்துவிடும் என்று பயம். இடுப்பெலும்பும் தோளும் தரையில் அழுந்துகின்றன. ஆளாக இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிடலாம். துரையைப் புரட்ட நான் ஒருத்தி போதாது. கழுத்தடியில் சாக்கை மடித்து வைத்தேன்.

படுத்தபடியே புல் தின்றான். இரண்டு கிலோதான். மீதியைத் தொடவில்லை.

நாடி 72.

ஜனவரி 20, செவ்வாய்

நாடி 72. நின்றது மொத்தம் நாற்பது நிமிஷம்.

இன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. பால்காரர்கூட பாக்கெட்டைக் கேட்டில் தொங்கவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் கொட்டகையில் மரத்தூள் மேல் உட்கார்ந்திருந்தேன். துரை தலையை என் மடிப்பக்கம் நகர்த்தி, புடவைத் தலைப்பை மோந்து பார்த்தான். ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் மோந்தான்.

எழுதிவிடுகிறேன். தப்பான குறிப்பு எழுதிய இரண்டு நர்ஸ்களை நானே வேலையை விட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

பதினைந்தாம் தேதி சர்க்கரைப் பொங்கல் கொடுத்தது நான். தூக்குவாளியில் முக்கால் பங்கு. கையால் உருட்டி உருட்டிக் கொடுத்தேன். அதற்கு முன்னால் எட்டு மாதமாகத் தினமும் தேங்காய் பன். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, டிசம்பரில் ஆறு. கொள்ளு வேகவைத்து வெல்லம் போட்டும் கொடுத்தேன். வேலியோரம் யாரும் எதுவும் போடவில்லை.

சவரிமுத்துவுக்குச் சர்க்கரை நோய். காலில் புண் வந்து, பாதம் எடுத்து, அப்புறம் முழங்கால்வரை எடுத்தார்கள். வீட்டில் நான்தான் பார்த்தேன். இட்லி இரண்டு என்றால் இரண்டுதான். சோறு ஒரு கிண்ணம், தலைதட்டி. அளவு தவறியதே இல்லை. கடைசி நாள், "செசிலி, ஒரே ஒரு தேங்கா பன்னு வாங்கித் தாடி. பாதி போதும்" என்றார். சுகர் முந்நூற்றுப் பத்து இருந்தது. குறையட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் விடியும்போது போய்விட்டார்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் பேக்கரி வழியாக வந்தேன். பன் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யாருக்கு என்று தோன்றியது. துரை படலருகே நின்றான். வாங்கிக்கொண்டு, என் உள்ளங்கையை நக்கிச் சுத்தம் செய்தான். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

இவ்வளவுதான்.

ஜனவரி 22, வியாழன்

நாளை வெள்ளி.

பதினோரு மணிக்கு ஏரிக்கு நடந்துபோனேன். பண்டிகைக் கூட்டம் வடிந்து கரை காலியாக இருந்தது. மொக்கராசு கம்பித் தடுப்பில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"தொரை போயிருச்சா?"

"இல்ல. படுத்திருக்கான். நாளைக்கு ஊசி போட வர்றாங்க."

அவர் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, பொங்கல் குடுத்தது நான். அதுக்கு முன்னாடி குடுத்ததும் நான்தான். உங்க மேல பழியப் போட்டுட்டேன்."

"எனக்குத் தெரியும் சிஸ்டரம்மா."

"தெரியுமா?"

"பேக்கரிக்கு எதுத்தாப்புலதான குதிரைய நிறுத்துறேன். தெனம் பையி நெறைய பன்னு வாங்கிட்டுப் போவீங்க. வீட்ல ஒத்த ஆளு. யாருக்குப் போகும்?"

"அப்ப ஏன் டாக்டர்ட்ட சொல்லல?"

மொக்கராசு பக்கத்தில் நின்ற வெள்ளைக் குதிரையின் பிடரியிலிருந்து ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"சவரி எழவுக்கு நான் வரல. உங்க கேட்டு வரைக்கும் வந்தேன். உள்ள பெட்டி தெரிஞ்சுச்சு. ஒம்போது வருசமாப் பேசாதவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு திரும்பிட்டேன். அவன் குதிரைக்காக நாலு பேச்சு வாங்குறதுல என்ன கொறஞ்சு போச்சு."

நான் அங்கேயே, சவாரிக்காரர்கள் ஏறுவதற்குப் போட்டிருக்கும் படிக்கல்லில் உட்கார்ந்து, தேங்காய் பன் விஷயத்தைச் சொன்னேன். சவரிமுத்து கேட்டது, நான் நாளைக்கு என்றது, சுவர்ப் பக்கம் திரும்பியது, எல்லாம். வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மொக்கராசு மெதுவாகச் சொன்னார்: "குடுத்துருக்கலாம் சிஸ்டரம்மா."

இதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. பார்த்துப் பார்த்துச் செய்தாய், உன்னைப் போல யார் செய்வார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ரெக்ஸும் அதையே சொன்னான், பங்குச்சாமியாரும் அதையே சொன்னார். அவர்கள் சொல்லும்போது வராத அழுகை அப்போது வந்தது. ஏரிக்கரையில், பட்டப்பகலில், யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதேன். அவர் தன் குதிரைகளை எனக்கும் ரோட்டுக்கும் நடுவே மறைப்பாக நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஜனவரி 23, வெள்ளி

டாக்டர் ஒன்பதரைக்கு வந்தார். கையில் பெரிய பெட்டி. மொக்கராசு அவருக்கு முன்பே வந்து படலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னேன்.

டாக்டர் கேட்கும் முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "எவ்வளவு?"

"முக்கால் தூக்குவாளி. ஒண்ணரை கிலோ இருக்கும். அதுக்கு முன்னாடி எட்டு மாசமா தெனம் பன்னு, வெல்லம்."

"நீங்க எத்தன வருசம் நர்ஸா இருந்தீங்க?"

"முப்பத்து நாலு."

"நோயாளியப் பத்திப் பொய் சொன்னா என்ன ஆகும்னு தெரியாதாம்மா உங்களுக்கு? எலும்பு எறங்கிருச்சுன்னு முடிவு பண்ணித்தான் இன்னைக்கு வந்தேன்."

நான் துரையின் கால்கட்டை அவிழ்த்தேன். சொல்ல என்ன இருக்கிறது.

டாக்டர் மண்டியிட்டுக் குளம்பின் மேல் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினார். எலும்பு இறங்கியிருந்தால் அங்கே பள்ளம் விழுந்திருக்குமாம். ரொம்ப நேரம் தடவினார். மொக்கராசு துரையின் காதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பள்ளம் இல்ல" என்றார் டாக்டர். "பொங்கலால வந்த திருப்பம்னா இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம். பத்து நாள். அதுக்கு மேல கேக்காதீங்க."

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு மொக்கராசைப் பார்த்தார். "நீங்களாச்சும் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"என்னத்தக் கண்டேன் டாக்டர்" என்றார் அவர். இந்தத் தடவை டாக்டர் இனி வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாடி 68. புல் மூன்று கிலோ.

ஜனவரி 26, திங்கள்

நாடி 60. புல் நான்கு கிலோ. தினமும் காலையும் மாலையும் நானும் மொக்கராசுமாகப் புரட்டிப் படுக்க வைக்கிறோம். தோளில் ஒரு புண் வந்துவிட்டது. சிறியதுதான், ஆறும்.

ஜனவரி 29, வியாழன்

நாடி 50. நின்றது ஐந்து மணி நேரம்.

பிப்ரவரி 2, திங்கள்

பத்தாம் நாள். நாடி 42. டாக்டர் உள்ளே வரும்போது துரை நின்றுகொண்டிருந்தான், நான்கு காலிலும் சமமாக. முன்னங்கால் நீட்டவில்லை. டாக்டர் அவன் கால்களைப் பார்த்துவிட்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

பிழைத்துக்கொள்வான். ஆனால் இனி சவாரி கிடையாது, மேய்ச்சல் கிடையாது. உயிரோடு இருக்கும்வரை ஊறவைத்த புல்தான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். "குதிரை தனியா நின்னா தேறாதும்மா. கூட்டத்துல வாழ்ற சீவன் அது. எதையாச்சும் துணைக்கு நிறுத்துங்க. ஆட்டுக்குட்டின்னாலும் சரி."

பிப்ரவரி 9, திங்கள்

இன்று காலை பத்து மணிக்கு, வெயில் வந்த பிறகு, துரை கொட்டகையை விட்டு வெளியே வந்தான். வாசல்வரை பதினான்கு அடி. நான் கயிற்றைப் பிடித்தேன். ஒவ்வொரு அடியையும் தண்ணீரில் கால் வைக்கிறவன் மாதிரி யோசித்து வைத்தான்.

அப்போது மொக்கராசு ரோட்டிலிருந்து ஒரு வெள்ளைக் குதிரையை நடத்திக்கொண்டு வந்தார். பெட்டைக் குதிரை, பெயர் வள்ளி. வயது பத்தொன்பது. முழங்கால் தேய்ந்து, இந்த சீசனுக்குச் சவாரி விட முடியாதாம். "விக்க மனசு வரல. இங்க நிக்கட்டுமா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே படலைத் திறந்துவிட்டார்.

வள்ளி நேராகப் போய் துரையின் கழுத்தில் மூக்கை வைத்தாள். துரை காதைப் பின்னால் மடித்து ஒரு தடவை சீறினான். அவள் நகரவில்லை. பிறகு அவனே திரும்பி அவள் தோளைப் பல்லால் மெதுவாகச் சொறிந்துவிட ஆரம்பித்தான். அவளும் அவன் தோளை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று பார்க்கவில்லை. அடுப்பில் வைத்த கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

மொக்கராசு இன்று டீயை அடுப்படியில் உட்கார்ந்து குடித்தார். கருகிய கஞ்சியையும் குடித்தார், நன்றாக இல்லை என்று சொல்லியே குடித்தார்.

கிளம்பும்போது, "வள்ளிக்கும் நீங்களே புல்லு வச்சிருவீங்களா சிஸ்டரம்மா? நான் ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்கவா?" என்றார்.

இரண்டு குதிரைக்குப் புல் ஊறவைத்து, வலையில் கட்டி, மரத்தூள் மாற்றுவதெல்லாம் ஒருத்தியால் முடியாது, காலையும் மாலையும் நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்று சொன்னேன்.

என் ஒருத்தியாலேயே முடியும்.

நாடி 40. புல் நான்கு கிலோ. வள்ளிக்கு ஐந்து.